லத்தீன் அட்டைகளைக் கோர்த்தவன்

1

போன ஞாயிற்றுக்கிழமை காலை பாலாஜி வந்தான். இங்கிலாந்தின் இந்தச் சின்ன ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே வாலாஜாபாத்துக்காரன். நான் காஞ்சிபுரம் என்பதால் நாங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள், அதனால் கிட்டத்தட்ட சொந்தக்காரர்கள் என்பது அவன் கணக்கு. எனக்கு அவனைப் பிடிக்காது. போன வருடம் முழுக்க, என் மகள் இனியா மாதிரித் தேர்வில் எத்தனை மதிப்பெண் வாங்கினாள் என்று வாரம் தவறாமல் விசாரித்தவன் அவன். உண்மையான தேர்வு முடிவு வந்த அன்று கைகூப்புகிற படம் ஒன்றை அனுப்பிவிட்டு பத்து மாதம் காணாமல் போனான். எதற்குக் கும்பிட்டான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது அவன் பையனுக்குப் பத்து வயது. அதனால் மறுபடி நான் அவனுக்குச் சொந்தக்காரன் ஆகிவிட்டேன்.

“நம்ம இனியாவுக்கு நீங்க போட்டு வச்ச லத்தீன் கார்டுங்க இருக்குதாமே? சும்மாதானே கெடக்குது, குடுத்தீங்கன்னா நம்ம பையன் பாத்துக்குவான்” என்றான். சும்மாதானே கிடக்கிறது என்ற அந்த வார்த்தைக்காகவே கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்தேன். பரணில் இருந்து ஷூ பெட்டியை இறக்கி அவன் முன்னால் வைத்தேன். முந்நூற்று இருபது அட்டைகள்.

அவன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இன்னொன்றையும் பார்த்தான்.

“எல்லாத்துலயும் ஏங்க ரெண்டு பக்கமும் ஓட்ட போட்டிருக்குது?”

“ஃபைல் பண்றதுக்கு” என்று பொய் சொன்னேன்.

இனியா மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பாலாஜி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனபோது அவள் இறங்கி வந்து அவனிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். “அங்கிள், தயவுசெய்து அதையெல்லாம் சேர்த்துக் கட்டாதீங்க. உங்க பையன்கிட்டயும் சொல்லுங்க.”

அவன் விளங்காமல் சிரித்துவிட்டுப் போனான். எனக்கு விளங்கியது. அது விளங்காத மாதிரி ஒரு வருடமாக நடித்துக்கொண்டிருந்தேன்.

2

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் பிள்ளைகள் பாடிக்கொண்டும் ஆடிக்கொண்டும் படிக்கிறார்கள், மனப்பாடம் எல்லாம் நம்மிடம்தான் என்று நீங்கள் மேடை போட்டுப் பேசுகிறீர்களே, ஒரு நாள் இங்கே வந்து பாருங்கள். அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இங்கே சில ஊர்களில் அரசுப் பள்ளிகளிலேயே ஒரு தனி வகை உண்டு. கட்டணம் கிடையாது, ஆனால் உள்ளே போக நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எழுதுகிற பிள்ளைக்குப் பத்து வயது. தேறினால் அந்தப் பள்ளி. தேறாவிட்டால் தெருமுனையில் இருக்கிற சாதாரணப் பள்ளி. அந்தத் தேர்வில் ஒரு பகுதி வார்த்தைகள். ஒரு ஆங்கிலச் சொல்லைக் கொடுத்து, அதே பொருள் தருகிற இன்னொரு சொல்லை ஐந்தில் இருந்து எடு என்பார்கள். கொடுக்கிற சொல்லை வீட்டில் எவனும் பேசியிருக்க மாட்டான். வெள்ளைக்காரப் பிள்ளைக்கே தெரியாது. வீட்டுக்குள் பாதித் தமிழும் பாதி அதட்டலுமாக வளர்கிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அதற்கு ஒரு குறுக்கு வழி இருப்பதாக டியூஷன் அம்மையார் சொன்னார். ஓய்வுபெற்ற ஆசிரியை. கூடத்தில் பூனை, சுவரில் நாலைந்து சான்றிதழ், முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. ஆங்கிலத்தின் கடினமான சொற்கள் எல்லாம் லத்தீனில் இருந்து வந்தவை, அதன் முன்னொட்டுகளைக் கற்றுக்கொண்டால் சொல் தானாகத் திறந்துகொள்ளும் என்றார். ‘பெனி’ என்று தொடங்கினால் நல்லது. ஆகவே பெனவலென்ட் என்றால் இரக்கமுள்ள. ‘மால்’ என்று தொடங்கினால் கெட்டது. ஆகவே மலவலென்ட் என்றால் வன்மம் பிடித்த. ‘சர்க்கம்’ என்றால் சுற்றி, ‘கான்ட்ரா’ என்றால் எதிராக. இப்படிப்பட்ட சொற்களை முன்பக்கம் சொல், பின்பக்கம் பொருள் என்று அட்டைகளில் எழுதி வைத்தேன்.

இந்த நாட்டில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். லத்தீன் பேசுகிற ஒரே ஒரு ஆளைக்கூடப் பார்த்ததில்லை. செத்துப்போன ஒரு மொழியின் தலைப்பாகத்தை வெட்டி எடுத்து, உயிரோடு இருக்கிற என் பெண்ணுக்கு ஊட்ட நான் ஏன் சனிக்கிழமைதோறும் அந்தப் பூனையோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அங்கே காத்திருந்த மற்ற தமிழ்ப் பெற்றோர் யாரும் கேட்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனை நோண்டிக்கொண்டிருந்தோம். உள்ளே போன பிள்ளைகளில் யார் தேறாவிட்டால் நம் பிள்ளைக்கு இடம் கிடைக்கும் என்ற நினைப்பு எல்லோருக்கும் இருந்தது. எனக்கும் இருந்தது.

தேர்வுக்குப் பதிவு செய்வதே தனிக் கூத்து. என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இருக்கிற இடத்தில் என் அப்பா பெயர் இருக்கிறது. இனியாவின் கடவுச்சீட்டில் அந்த இடத்தில் என் பெயர். நம் ஊரில் ஒன்றாவது படிக்கிற பிள்ளைக்கும் புரிகிற விஷயம். இங்கே அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்தது. குழந்தையின் குடும்பப் பெயரும் உங்கள் குடும்பப் பெயரும் ஒத்துப்போகவில்லை, குழந்தைக்கு நீங்கள் என்ன உறவு என்பதற்குச் சான்று அனுப்பவும் என்று. பிறப்புச் சான்றிதழ் அனுப்பினேன். அதன் நகல் தெளிவாக இல்லை என்று திரும்பி வந்தது. மூன்று கடிதம் எழுதித்தான் என் மகளுக்கு நான் அப்பா ஆனேன்.

3

போன வருடக் கோடை விடுமுறையில் இனியாவைக் காஞ்சிபுரத்துக்குக் கூட்டிப்போனேன். இங்கே ஆகஸ்ட் முழுக்கப் பள்ளி கிடையாது, செப்டம்பரில் தேர்வு. மனைவி சுமதி மருத்துவமனையில் நர்ஸ், அவளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அப்பாவின் முதல் வருடத் திதியும் அந்த நேரத்தில்தான் வந்தது. முந்நூற்று இருபது அட்டைகளை ஷூ பெட்டியில் போட்டு, என் கைப்பையில் வைத்து, விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

பிள்ளையார்பாளையத்தில் அண்ணன் ஏகாம்பரத்தின் வீடு. நெசவுத் தொழில் அழிகிறது, பாவம் அந்த மனிதர் என்று நான் கண்ணீர் விட வேண்டும் என்று சிலர் எதிர்பார்ப்பீர்கள். அண்ணனுக்கு மூச்சுவிட நேரமில்லை. தறிக்கு வேண்டிய அட்டை அடித்துக் கொடுப்பதுதான் இப்போது அவர் வேலை. கம்ப்யூட்டரில் புடவைக் கரையின் படத்தைப் போட்டு, மெஷினில் அட்டைக்குத் துளை போட்டு, கோர்த்துக் கொடுப்பார். முன்பணம் வாங்கியவர்கள் வாசலில் நிற்பார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டுத் தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். துளை போட்ட அட்டைகளை வரிசையாகக் கயிற்றில் கோர்த்து, மாலை மாதிரி அந்தப் பெட்டியில் ஏற்றுவார்கள். நெய்கிறவர் ஒரு மிதி மிதித்தால் ஒரு அட்டை நகரும். எந்த இழை மேலே போக வேண்டும் என்று அந்தத் துளை முடிவு செய்யும். கடைசி அட்டையை முதல் அட்டையோடு கட்டிவிட்டால் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். ஒரு அட்டை இடம் மாறினால் போச்சு, அன்னத்துக்குக் கழுத்து வர வேண்டிய இடத்தில் வால் வரும். எங்கள் வீட்டில் சின்ன வயதில் அட்டை கோர்ப்பது என் வேலை. அண்ணனைவிட வேகமாகக் கோர்ப்பேன். அந்த வீட்டில் நான் அவரைவிட நன்றாகச் செய்த ஒரே காரியம் அது.

முதல் வாரமே ஃபேன் காற்றில் இனியாவின் அட்டைகள் கூடம் முழுக்கப் பறந்தன. ‘பெனி’ ஒரு மூலையில், ‘மால்’ அலமாரிக்கு அடியில். பொறுக்கி அடுக்கி மாளவில்லை. இரண்டு முறை அவளைத் திட்டினேன். மூன்றாவது முறை அண்ணனின் கடையில் இருந்து துளைக்கருவியும் நூல்கயிறும் எடுத்து வந்து, ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு ஓரத்திலும் துளை போட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து கோர்க்க ஆரம்பித்தேன். கை மறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாக இருந்தது.

அண்ணன் டீ டம்ளரோடு வந்து நின்றார்.

“இன்னாடா வேலு, இத்த போயி கோத்துக்கினு இருக்க?”

“சிதறாம இருக்கும்.”

“கோத்துட்டா வரிச மாறாதுடா.”

“மாறக் கூடாதுன்னுதான் கோக்குறேன்.”

“தறிக்குச் சரி. பொண்ணுக்கு எதுக்குடா வரிச?”

“உனுக்கு அந்தப் பரிட்சையப் பத்தி இன்னா தெரியும்?” என்றேன். அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அண்ணனிடம் எப்போதும் ஒரு குறை, ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் சொல்வார்.

4

கூடத்தில் குறுக்கே ஒரு மூங்கில் கழி கட்டி அதில் மாலையைத் தொங்கவிட்டேன். காலை இட்லி முடிந்ததும் இனியா அதன் முன்னால் உட்கார வேண்டும். நான் அட்டையைத் தள்ளுவேன், அவள் சொல்வாள். எதிர்வீட்டுத் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அதே தாளத்தில் அட்டை நகரும்.

பத்தே நாளில் அதிசயம் நடந்தது. நான் தள்ளுவதற்குள் அவள் சொல்லிவிடுவாள். பெனவலென்ட், கைண்ட். பெனஃபிஷியல், ஹெல்ப்ஃபுல். மலவலென்ட், ஸ்பைட்ஃபுல். மலிஷஸ், நாஸ்ட்டி. அடுத்த அட்டை இன்னும் வரவே இல்லை, அதற்குள் வார்த்தை வாயில் வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டும் சொன்னாள். முந்நூற்று இருபதையும் மூச்சுவிடாமல் சொன்னாள். நான் சுமதிக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். டியூஷன் அம்மையாருக்கும் அனுப்பினேன். அவர் கட்டைவிரல் உயர்த்திய படம் அனுப்பினார். பாலாஜிக்கும் அனுப்பினேன், வயிறு எரியட்டும் என்று.

அட்டை வரும் முன்னே ஒரு பிள்ளை எப்படிச் சொல்கிறாள் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். தறிக்குக் கீழே பிறந்து வளர்ந்தவன் நான். எனக்கு அது படிப்பாகத் தெரிந்தது. என்னைப் போல முட்டாள் அந்தத் தெருவில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

அந்த நாட்களில் இனியா என்னைவிட்டு விலகி அண்ணியிடம் ஒட்டிக்கொண்டாள். அண்ணி தேவகிக்கு ஆங்கிலம் ஒரு எழுத்துத் தெரியாது. இவளுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறி வரும். ஆனாலும் இரண்டு பேரும் மதியம் முழுக்கப் பேசுவார்கள். அண்ணி பூ கட்டினால் இவள் பக்கத்தில் உட்கார்ந்து நார் கிழிப்பாள். ‘வந்துக்கினு’, ‘போயிக்கினு’ என்று பேச ஆரம்பித்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவள் தமிழ் பேச வேண்டும் என்று பத்து வருடமாக அலுத்துக்கொண்டவன், பேசியபோது நேரம் வீணாகிறது என்று கூப்பிட்டு மாலை முன்னால் உட்காரவைத்தேன்.

5

திதி அன்று காலை நானும் அண்ணனும் சர்வதீர்த்தக் குளத்தங்கரையில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தோம். மதியம் சொந்தக்காரர்கள் இருபது பேர் இலையில் உட்கார்ந்தார்கள். சாப்பாடு முடிகிற நேரத்தில் ஒரு சித்தப்பா, “பாப்பா அங்க இன்னா படிக்குது?” என்று கேட்டார். அவ்வளவுதான், எனக்கு இடம் கிடைத்துவிட்டது. இனியாவை எழுப்பி நிறுத்தி ஒப்பிக்கச் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நிற்காமல் சொன்னாள். எல்லோரும் எச்சில் கையோடு வாயைப் பிளந்தார்கள். லத்தீன் என்றேன். சித்தப்பா, “அப்பா இருந்திருந்தா” என்று கண்ணைத் துடைத்தார்.

அப்போது அண்ணி, மோர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார். “தம்பி, நடுவுல இருந்து ஒன்னு கேட்டுப் பாருங்களேன்.”

“ஏன்?”

“இல்ல, பொண்ணு மொதல்ல இருந்து ஓட்டிக்கினு வந்தாத்தான் சொல்லுது. நடுவுல கேட்டா வாயிக்குள்ளயே மொதல்ல இருந்து முணுமுணுத்துக்கினு வருது. நான் பாத்தேன். பரிட்சைல வரிசையாவா கேப்பாங்க?”

அண்ணன் இலையில் இருந்து தலையைத் தூக்கினார். “அத்தான் நான் அன்னிக்கே சொன்னேன். தறிப் பெட்டிக்குப் பூவு தெரியாதுடா வேலு. அடுத்த அட்ட தெரியும், அவ்ளோதான்.”

இருபது பேர் என்னைப் பார்த்தார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். உள்ளூரில் அட்டை அடிக்கிறவரும் மோர் ஊற்றுகிறவரும் எனக்குப் படிப்புச் சொல்லித்தருகிறார்களா என்று எனக்குத் தலைக்கேறிவிட்டது. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மழுப்பினால் இதை எழுதிப் பயனில்லை.

“ஏ பி சி டி தெரியாத நீங்கல்லாம் எம் பொண்ணு படிப்புல வாய வைக்காதீங்க அண்ணி. சாம்பார் ஊத்துறதோட நிறுத்திக்கோங்க.”

 அண்ணி இனியாவைப் பார்த்தார். இனியா வாயைத் திறந்தாள். அண்ணி லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. எனக்கு அதைப் பார்த்ததும் இன்னும் கோபம் வந்தது. என் பெண்ணுக்கே கண்ஜாடை காட்டுகிறாரா என்று நினைத்தேன். பிறகு அவர் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அண்ணன் இலையை மடித்தார். “அப்பா திதி அன்னிக்கு எம் பொண்டாட்டிய நாலு பேரு முன்னால பேசிட்ட. சாயங்காலம் கெளம்பிடு” என்றார். அதையும் ஒரு தடவைதான் சொன்னார்.

கிளம்பினேன். மிச்சமிருந்த நாட்களைச் சென்னையில் ஒரு ஓட்டல் அறையில், மாலையைத் திரைச்சீலைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுக் கழித்தோம். கார் புறப்பட்டபோது இனியா அழுத அழுகையை, ஊரைவிட்டுப் போகிற அழுகை என்று எடுத்துக்கொண்டேன்.

6

இங்கே திரும்பி வந்த சனிக்கிழமை, டியூஷன் அம்மையார் வீட்டில் மாதிரித் தேர்வு. ஐம்பது கேள்வி, இருபத்தைந்து நிமிடம். இனியா பதினான்கு எழுதினாள். எழுதிய பதினான்கும் சரி. மிச்சம் முப்பத்தாறும் வெள்ளைத்தாள்.

“சர்கம்ஸ்பெக்ட் என்றால் என்ன?” என்று காரில் கேட்டேன். அவள் உதடு அசைந்தது. நான் சிக்னலில் நின்று, பச்சை விழுந்து, அடுத்த சிக்னலும் வந்துவிட்டது. “காஷஸ்” என்றாள், முன்ஜாக்கிரதையான என்று பொருள். அட்டை எண் நூற்றுப் பதினேழு. நூற்றுப் பதினாறு அட்டைகளைக் கடந்து அங்கே வந்து சேர்ந்திருக்கிறாள்.

“ஏன் சொல்லல? எங்கிட்ட ஏன் சொல்லல?” என்று கத்தினேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சுமதி விடைத்தாளைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “புள்ளைய என்ன பண்ணி வச்சிருக்கீங்க?” என்று கேட்டாள். கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொரு முடிச்சாக வெட்டினேன். கலைத்துப் போட்டுக் கேட்டேன். தேர்வுக்குப் பதினோரு நாள் இருந்தது. நூலை வெட்டி என்ன பயன், மாலை அவள் தலைக்குள் முடிச்சுப் போட்டு உட்கார்ந்திருந்தது. ‘சப்’ என்று தொடங்கும் சொல்லைக் கேட்டால் ‘பெனி’யில் இருந்து தொடங்கினாள். நான் மேசையைத் தட்டினேன். அவள் இன்னும் வேகமாக முணுமுணுத்தாள். ஏழாவது நாள் வாயைத் திறக்கவே மறுத்துவிட்டாள்.

அக்டோபரில் மின்னஞ்சல் வந்தது. உங்கள் குழந்தை தேவையான நிலையை எட்டவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். இந்த முறை உறவுக்குச் சான்று கேட்கவில்லை, நேராக எனக்கே அனுப்பிவிட்டார்கள்.

அண்ணி சொன்னது சரி என்று எனக்குக் காரிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் போன் செய்யவில்லை. தப்பாகச் சொன்னவர்களை மன்னித்துவிடலாம், சரியாகச் சொன்னவர்களை என்னால் முடியவில்லை. இருபது பேர் முன்னால் சொன்னாரே, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே, என்னை மட்டம் தட்டத்தானே அப்படிச் செய்தார் என்று அதையே பிடித்துக்கொண்டேன். பொங்கலுக்கும் பேசவில்லை. அண்ணனும் கூப்பிடவில்லை. இனியா பெரியம்மாவிடம் பேச வேண்டும் என்று இரண்டு முறை கேட்டாள். அப்புறம் பார்க்கலாம் என்றேன். மூன்றாவது முறை கேட்கவில்லை.

வருகிற செப்டம்பரில் தெருமுனைப் பள்ளிக்குப் போவதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. சிநேகிதிகள் இருக்கிறார்கள். ட்ரம்பெட் ஊதுகிறாள், சகிக்கவில்லை. என்னிடம் மட்டும் கேட்டதற்குப் பதில், அதுவும் ஆங்கிலத்தில். நான் பேருந்து நிறுத்தத்தில் அந்த இன்னொரு பள்ளியின் சீருடை போட்ட பிள்ளைகளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். பச்சைப் பிள்ளைகள், அவர்கள் மேல் எனக்கு என்ன கோபம்? இருக்கிறது.

7

பாலாஜி பெட்டியோடு போன பிறகு கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். இனியா அங்கேயே நின்றாள்.

“அந்த மாலை உனக்கு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

“நான் உங்களிடம் சொல்லச் சொன்னேனே” என்றாள் ஆங்கிலத்தில்.

“யாரிடம்?”

“பெரியம்மாவிடம்.”

அவள் சொன்னதை ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். திதிக்கு இரண்டு நாள் முன்னால் நான் காந்தி ரோட்டுக்கு வேட்டி வாங்கப் போயிருந்தபோது, அவள் அண்ணியிடம் அழுதிருக்கிறாள். நடுவில் இருந்து கேட்டால் தனக்கு ஒன்றும் தெரியவில்லை, முதலில் இருந்து வந்தால்தான் வருகிறது என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லியிருக்கிறாள். அண்ணிக்குப் புரியாமல், அவளை மாலைக்கு முன்னால் கூட்டிப்போய்ச் செய்துகாட்டச் சொல்லியிருக்கிறார். இவள் செய்துகாட்டியிருக்கிறாள். தறி தெரிந்தவருக்கு அதற்கு மேல் மொழி எதற்கு?

அப்பாவிடம் நீயே சொல்லு என்றிருக்கிறார் அண்ணி. இவள் மாட்டேன் என்றிருக்கிறாள். அப்பா ரொம்ப சந்தோஷமாக இருக்கிறார், எல்லோருக்கும் வீடியோ அனுப்பிவிட்டார், சொன்னால் திட்டுவார் என்றிருக்கிறாள். “உம் பேரு வராம நான் பாத்துக்கறேன். நானே கண்டுபுடிச்ச மாரி சொல்றேன், நீயும் வாயத் தொறக்காத” என்று அண்ணி அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார். அன்று இரவும் மறுநாளும் இரண்டு முறை என்னிடம் தனியாகப் பேச வந்திருக்கிறார். ஒரு முறை நான் போனில் இருந்தேன். இன்னொரு முறை, “அப்புறம் அண்ணி, படிச்சிக்கினு இருக்கா” என்று அனுப்பிவிட்டேன். அது எனக்கே ஞாபகம் வந்தது.

இலையில் மோர் ஊற்றிய அன்று அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. நான் திட்டியபோது இனியா உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அண்ணி அதனால்தான் தலையை ஆட்டினார். தான் வாங்கிக்கொண்ட திட்டு போதும், பிள்ளை வேறு வாங்க வேண்டாம் என்று.

“ஒரு வருஷமா ஏம்மா சொல்லல?”

“பெரியம்மா சத்தியம் பண்ணாங்க இல்ல” என்றாள், தமிழில். “நானும் பண்ணேன்.”

8

இந்த வருடத் திதி வருகிற வெள்ளிக்கிழமை. தேதியை அண்ணன் எனக்குச் சொல்லவில்லை. பஞ்சாங்கம் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பாலாஜி வந்துபோன அன்றே, இங்கே மதியம் ஆவதற்குள் அண்ணனின் எண்ணுக்கு அடித்தேன். அங்கே மாலை நேரம். என்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் வரிசையாகக் கோர்த்து வைத்திருந்தேன். முதலில் நலம் விசாரிப்பது, பிறகு திதி, பிறகு இனியா சொன்னது, கடைசியில் மன்னிப்பு. இனியா சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி எடுத்தார். பின்னால் அட்டைக்குத் துளை போடும் மெஷின் சத்தம்.

“யாரு?”

“அண்ணி, நான் வேலு.”

 என் வரிசை முழுக்கக் கலைந்துவிட்டது. முதலில் இருந்து தொடங்கிப் பார்த்தேன், வரவில்லை. “அண்ணி, இனியா இன்னிக்கு எல்லாத்தையும் சொல்லிட்டா. எனக்கு அப்போ தெரியாது. தெரிஞ்சிருந்தா...”

“வெள்ளிக்கெழம காலைல திதி. அய்யருக்குச் சொல்லியாச்சு” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பால்காரருக்குக் கணக்குச் சொல்கிற குரல்.

“அண்ணி, நான் அன்னிக்குப் பேசினது...”

“இனியா இருக்குறாளா?”

“இருக்கா.”

“அவகிட்ட குடுங்க.”

கொடுத்தேன். அவள் போனை இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். ஒரு வருடமாக நான் எங்கள் வீட்டில் கேட்காத தமிழ் அவள் வாயில் இருந்து வந்தது.

“பெரிம்மா, சத்தியத்த ஒடச்சிட்டேன். அப்பாகிட்ட சொல்ட்டேன்.” அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். என்னை ஒரு பார்வை பார்த்தாள். “இல்ல பெரிம்மா. திட்டல.”

பிறகு எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.